ஆங்கிலத்தில் உதவி கேட்பதும் பதில் சொல்வதும்: வடசென்னையில் வகுப்பெடுக்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் மாலை நேரங்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் பல இளைஞர்கள் முன்வருகிறார்கள். ஆர்வம் இருக்கிறது, கையில் இலக்கணப் புத்தகமும் இருக்கிறது. ஆனால் ‘பணிவாகக் கேட்பது எப்படி’ என்ற பாடம் வந்ததும் பலகையில் பத்து வாக்கியம் எழுதி, எல்லோரையும் சேர்ந்து சொல்ல வைத்து, “ப்ளீஸ் போட மறக்காதீங்க” என்று முடித்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் அதே பிள்ளை வேலை செய்யும் இடத்தில் போய், “ஐ வாண்ட் ஒன் டே லீவ் சார், ப்ளீஸ் சார்” என்று நிற்கிறது.

புதிதாக வகுப்பெடுக்க வருபவர்கள் முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மரியாதையாகப் பேசத் தெரியும். தண்ணீர் லாரி வரிசையில், ரேஷன் கடையில், மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் யாரிடம் எப்படிக் கேட்டால் காரியம் நடக்கும் என்பது உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆங்கிலத்தில் அந்த மரியாதை வாக்கியத்தின் எந்த இடத்தில் வருகிறது என்பது மட்டும்தான் புதிது. அந்த இடத்தைக் காட்டிவிட்டால் போதும், மீதியை அவர்களே செய்துகொள்வார்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வடசென்னைப் பேச்சை முரட்டுப் பேச்சாகவே சினிமா காட்டிக் காட்டி, நேர்முகத் தேர்வில் ஏரியா பெயரைச் சொல்லவே தயங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ‘நல்லபடியா பேசக் கத்துக்கோ’ என்கிற தொனி வகுப்பில் ஒருமுறை வந்துவிட்டால் அவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள்.

இன்னொரு குறிப்பு. இங்கே ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். நீங்கள் பலகையில் ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். குட் (could), வுட் (would), ஷுட் (should) மூன்றிலும் எழுத்தில் ‘எல்’ உண்டு, உச்சரிப்பில் கிடையாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். படித்து மட்டுமே பழகியவர்கள் அதையும் சேர்த்து உச்சரிப்பார்கள்.

முதலில், எங்கே தேவைப்படுகிறது என்று கேளுங்கள்

பாடத்தைத் தொடங்குமுன் தமிழிலேயே கேளுங்கள்: “சமீபத்துல யார்கிட்ட இங்கிலீஷ்ல கேக்க வேண்டியிருந்து கேக்காம விட்டீங்க?” வரும் பதில்கள்தான் உங்கள் பாடத்திட்டம். எம்.சி. ரோட்டில் யாரும் சுடிதார் விலையை ஆங்கிலத்தில் கேட்கப்போவதில்லை. காசிமேட்டில் மீன் வாங்கவும் ஆங்கிலம் வேண்டாம். அதனால் ‘கடைக்காரரும் வாடிக்கையாளரும்’ என்ற பாடப்புத்தக உரையாடலை ஓரமாக வைத்துவிடலாம்.

உண்மையில் தேவைப்படும் இடங்கள் வேறு. ராஜாஜி சாலை, பாரிமுனைப் பக்கம் உள்ள ஷிப்பிங் அலுவலகங்களில் மும்பையிலிருந்து வரும் போன். மணலி, எண்ணூர் ஆலைகளில் வெளிமாநில அதிகாரி. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் அப்ரெண்டிஸ் பயிற்சிக்குப் போகும் பையனுக்குத் தமிழ் தெரியாத சக பயிற்சியாளர். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு திருவொற்றியூரிலிருந்து கிண்டி, ஆலந்தூர் பக்கம் வேலைக்குப் போய்வருவது எளிதாகிவிட்டது. அங்கே கால் சென்டரிலும் வரவேற்பு மேசையிலும் உட்காரும் பெண்களுக்கு நாள் முழுக்க இதுதான் வேலை, கேட்பதும் கேட்டதற்குப் பதில் சொல்வதும்.

தமிழில் ஆரம்பியுங்கள்

ஒரே ஒரு பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பனிடம் எப்படிக் கேட்பீர்கள், பக்கத்து வீட்டு அண்ணனிடம் எப்படி, வங்கி அதிகாரியிடம் எப்படி என்று கேளுங்கள். “பேனா குடுடா”, “அண்ணா, பேனா கொஞ்சம் குடுங்கண்ணா”, “சார், ஒரு நிமிஷம் பேனா கிடைக்குமா சார்?” என்று அவர்களே அடுக்குவார்கள். மூன்றையும் பலகையில் எழுதிவிட்டு, எது மாறியது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ‘ங்க’ வந்தது, ‘கொஞ்சம்’ வந்தது, அண்ணா, சார் வந்தது, கடைசியில் கட்டளை கேள்வியாகவே மாறிவிட்டது.

அப்புறம் பேனாவை எடுத்துவிட்டு ஐயாயிரம் ரூபாய் கைமாற்று என்று வையுங்கள். நண்பனிடமே “குடுடா” என்று ஆரம்பிக்கமாட்டார்கள். “மச்சான், ஒரு விஷயம் கேக்கலாம்னு வந்தேன்” என்பார்கள். கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் உள்ள உயர்வு தாழ்வு, எவ்வளவு பழக்கம், கேட்கும் காரியம் எவ்வளவு பெரியது என்ற மூன்றும் சேர்ந்துதான் வாக்கியத்தைத் தீர்மானிக்கின்றன. ஆங்கிலத்திலும் அதே மூன்றுதான். இது புரிந்துவிட்டால், எந்த வாக்கியத்தை எங்கே போடுவது என்று அவர்கள் உங்களைக் கேட்கத் தேவையில்லை.

அந்தக் ‘கேக்கலாம்னு வந்தேன்’ என்பதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பயன்படும்.

மூன்றே மூன்று வடிவம்

தமிழில் ‘குடுங்க’ என்பது கட்டளை வினைதான், ஆனால் ‘ங்க’ அதற்கு மரியாதை கொடுத்துவிடுகிறது. அதே வினையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது ‘ங்க’ வழியிலேயே உதிர்ந்து, ‘கிவ் மீ’ மட்டும் மிஞ்சுகிறது. சொல்பவர் மனதில் மரியாதை இருக்கிறது, கேட்பவர் காதில் அதட்டல் விழுகிறது. ‘வேணும்’ என்பதற்கும் இதே கதிதான். “எனக்கு ஒரு நாள் லீவு வேணுங்க” என்று தமிழில் சொன்னால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். “ஐ வாண்ட் லீவ்” என்றால் சுளிப்பார்கள். இந்த ஒரு விளக்கத்துக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ப்ளீஸ் சேர்த்தால் கட்டளை கொஞ்சம் மென்மையாகும், ஆனாலும் கட்டளைதான். ஆங்கிலத்தில் மரியாதையின் பெரும்பகுதி கேள்வி வடிவத்திலும் துணைவினையிலும் இருக்கிறது.

ஒரு வகுப்பில் மூன்று வடிவத்துக்கு மேல் வேண்டாம்.

“கேன் யூ ஹெல்ப் மீ?” — பழகியவர்கள், சின்னக் காரியம்.

“குட் யூ ஹெல்ப் மீ, ப்ளீஸ்?” — எல்லா இடத்துக்கும் பொருந்தும். ஒரு வடிவம் மட்டும்தான் மனதில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும்.

“வுட் யூ மைண்ட் வெயிட்டிங் ஃபார் ஃபைவ் மினிட்ஸ்?” — முன்பின் தெரியாதவர், அல்லது அவருக்குக் கொஞ்சம் சிரமம் தரும் காரியம்.

முதல் இரண்டுக்குப் பின்னால் வினைச்சொல் அப்படியே வரும், ‘டு’ சேராது. மூன்றாவதற்குப் பின்னால் ‘இங்’ சேர்ந்து வரும். இலக்கணம் இவ்வளவு போதும். பள்ளியில் ‘குட்’ என்பது ‘கேன்’னின் இறந்தகாலம் என்று மனப்பாடம் செய்திருப்பார்கள், அதனால் “இப்போ கேக்கறதுக்கு ஏன் பழைய காலம்?” என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. ‘கேக்கலாம்னு வந்தேன்’ என்பதை இப்போது எடுங்கள். ஆள் எதிரிலேயே நிற்கிறார், இன்னும் கேட்கவே இல்லை, இருந்தும் ‘வந்தேன்’ என்கிறோம். ஒரு அடி பின்னால் தள்ளி நின்று கேட்டால் எதிராளிக்கு மறுக்கவும் இடம் கிடைக்கிறது. “ஐ வாஸ் வொண்டரிங் இஃப் ஐ குட் டேக் ஃப்ரைடே ஆஃப்” என்ற நீளமான வாக்கியமும் இதே வழியில் வந்ததுதான். பெரிய காரியத்துக்கு மட்டும் அதைப் பிற்பாடு சொல்லிக்கொடுங்கள்.

தானே ஒன்றைச் செய்ய அனுமதி கேட்பது தனி. “கேன் ஐ”, “குட் ஐ”, “மே ஐ”. “மே ஐ கம் இன்?” பள்ளியிலிருந்தே பழக்கம் என்பதால் சீக்கிரம் தாண்டிவிடலாம்.

விருந்தோம்பலில் கட்டளை தவறே இல்லை என்பதையும் சொல்லுங்கள். “உக்காருங்க, சாப்பிடுங்க” என்பதுபோல “ஹேவ் எ சீட்”, “கம் இன்”, “டேக் ஒன் மோர்” என்று நேராகச் சொல்லலாம். எதிராளிக்கு நன்மை தரும் காரியம் என்பதால் கேள்வியாக மாற்றத் தேவையில்லை. வரவேற்பு மேசை வேலைக்குப் போகிறவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

எல்லாவற்றுக்கும் முந்தி, முதல் நாளிலேயே, “சாரி, குட் யூ ஸே தட் அகெய்ன்?” என்பதையும் “குட் யூ ஸ்பீக் எ லிட்டில் மோர் ஸ்லோலி, ப்ளீஸ்?” என்பதையும் கொடுத்துவிடுங்கள். போனில் புரியாமல் போய்விடுமோ என்ற பயம்தான் பலரைப் பேசவிடாமல் செய்கிறது. திரும்பக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பயம் பாதி குறைந்துவிடும்.

குரலும் வரிசையும்

வாக்கியம் சரியாக இருந்து குரல் தட்டையாக இருந்தால் எரிச்சலாகக் கேட்கும். ஒரே வாக்கியத்தை முதலில் குரல் இறங்கச் சொல்லிக்காட்டுங்கள், பிறகு கடைசியில் லேசாக உயரச் சொல்லிக்காட்டுங்கள். எது கேட்க நன்றாக இருக்கிறது என்று வகுப்பே சொல்லும். ‘ப்ளீஸ்’ மேல் அழுத்தம் வேண்டாம். அழுத்திச் சொன்னால் கெஞ்சலாகவோ கோபமாகவோ போய்விடும். வேகமாகப் பேசுகிறவர்கள் வாயில் ‘குட் யூ’ என்பது ‘குஜூ’ என்று ஒட்டிக்கொண்டு வரும். அப்படிப் பேச வேண்டாம், ஆனால் கேட்டால் புரிய வேண்டும்.

வரிசை இன்னும் முக்கியம். நாம் தமிழில் காரணத்தை முதலில் சொல்லி, கேட்க வேண்டியதைக் கடைசியில் வைப்போம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, தம்பிக்குப் பரீட்சை, அதனால்தான் சார் என்று போகும். அது நம் வழக்கம், தப்பில்லை. ஆனால் ஆங்கிலம் பேசும் அலுவலகத்தில், அதுவும் போனில், எதிரில் இருப்பவர் “சரி, இவருக்கு என்னதான் வேண்டும்?” என்று காத்துக்கொண்டே இருப்பார். முதல் வாக்கியத்தில் கேள்வி, இரண்டாவதில் ஒரே ஒரு காரணம், அவ்வளவுதான் என்று பழக்குங்கள்.

“சார் சார்” என்பதைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்னை அலுவலகங்களில் சார், மேடம் சொல்வதில் எந்தக் குறையும் இல்லை. ஒரு வாக்கியத்தில் ஒருமுறை போதும். மூன்று முறை சொன்னால் கேட்பவர் மனதில் இவர் சமமான ஆள் இல்லை என்று பதிந்துவிடுகிறது. நம் பிள்ளைகள் கூனிக்குறுகி நிற்பதற்காக ஆங்கிலம் படிக்கவில்லை. தலை நிமிர்ந்து, கண்ணைப் பார்த்து “குட் யூ” என்று கேட்பதே முழு மரியாதைதான். மேனேஜரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் கம்பெனியில் சேர்ந்தால் கூச்சமாக இருக்கும். மற்றவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியே கூப்பிடட்டும், சந்தேகம் இருந்தால் “வாட் ஷுட் ஐ கால் யூ?” என்று நேரில் கேட்டுவிடட்டும்.

பதில் சொல்வது: பாதிப் பாடம் இதுதான்

பெரும்பாலான வகுப்புகளில் கேட்கச் சொல்லிக்கொடுப்பார்கள், பதிலை விட்டுவிடுவார்கள். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவரிடம்தான் எல்லோரும் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர் கேட்பதைவிடப் பதில் சொல்வதுதான் அதிகம்.

ஒப்புக்கொள்வதில் ஆரம்பிக்கலாம். “கேன் யூ ஓப்பன் தி விண்டோ?” என்றால் “யெஸ், ஐ கேன்” என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். பள்ளிப் பயிற்சி அப்படி. எழுந்துபோய்த் திறந்துகொண்டே “ஷ்யூர்” என்று சொல்லப் பழக்குங்கள். செய்கையும் சொல்லும் சேர்ந்து வர வேண்டும். “குட் யூ” என்று கேட்டால் “யெஸ், ஐ குட்” வேண்டாம், “ஷ்யூர்”, “ஆஃப் கோர்ஸ்”, “நோ ப்ராப்ளம்” ஏதாவது ஒன்று போதும். ஒரு பொருளை நீட்டும்போது “ஹியர் யூ ஆர்”.

வீட்டில் ஒன்றைக் கேட்டால் வாய் திறக்காமல் எடுத்துக் கொடுத்துவிடுவோம், அல்லது தலையாட்டுவோம். போனில் தலையாட்டல் தெரியாது. மறுமுனையில் இருப்பவருக்கு அந்த மௌனம் மறுப்பாகத் தோன்றும். அதனால் சின்னதாகவாவது ஒரு சத்தம் கொடுக்கப் பழக வேண்டும்.

“வுட் யூ மைண்ட்” வந்தால் எல்லோரும் தடுமாறுவார்கள். ‘உங்களுக்கு ஆட்சேபம் உண்டா’ என்பதுதான் கேள்வி. சம்மதம் என்றால் “நோ, நாட் அட் ஆல்” என்று வர வேண்டும். “யெஸ்” என்று மட்டும் சொன்னால் ஆட்சேபம் இருக்கிறது என்று ஆகிவிடும். அந்த நேரத்தில் குழப்பமாக இருந்தால் “ஷ்யூர், நோ ப்ராப்ளம்” என்று சொல்லச் சொல்லுங்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் அப்படிச் சொல்வதுண்டு.

அடுத்து மறுப்பது. இதை அவசரமாக முடித்துவிடாதீர்கள். பெரியவர் ஒருவர் கேட்டால் நேராக ‘முடியாது’ என்று சொல்லமாட்டோம், “பாக்கலாங்க” என்போம். அது மறுப்பு என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதையே “ஐ வில் ட்ரை” என்று ஆங்கிலத்தில் சொன்னால், கேட்டவர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு மாலையில் வந்து நிற்பார். வேலை முடியவில்லை என்றால் கெட்ட பெயர் பிள்ளைக்குத்தான்.

மறுப்புக்கு மூன்று துண்டு கொடுங்கள்: வருத்தம், காரணம், மாற்று வழி. “ஐ ஆம் சாரி, ஐ ஆம் நாட் ஏபிள் டு ஸ்டே லேட் டுடே. ஐ ஹேவ் டு பி ஹோம் பை எய்ட். ஐ கேன் ஃபினிஷ் இட் டுமாரோ மார்னிங்.” ‘கான்ட்’ என்பதை விட்டு ‘நாட் ஏபிள் டு’ போட்டதற்குக் காரணம் உண்டு. போனில் ‘கேன்’, ‘கான்ட்’ இரண்டும் ஒன்றுபோலக் கேட்டுவிடும், கடைசி ‘ட்’ தேய்ந்துபோனால் அர்த்தமே தலைகீழாகிவிடும். காரணம் ஒரு வரி போதும், குடும்பக் கதை முழுவதையும் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ என்று யாராவது ஆரம்பித்தால் அவர் பயப்படவில்லை, பணிவாக மறுக்கப்போகிறார் என்பதையும் சொல்லிவையுங்கள்.

இரவு வெகுநேரம் இருக்கச் சொல்லி, கொருக்குப்பேட்டைக்கோ எர்ணாவூருக்கோ திரும்ப வேண்டிய பெண்ணிடம் கேட்கும்போது, மறுக்கத் தெரிவது பணிவுப் பாடத்தை எல்லாம் தாண்டிய தேவை. அவர்கள் அதைத் தயக்கமில்லாமல், குரல் நடுங்காமல் சொல்லும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வையுங்கள்.

முழுச் சம்மதத்துக்கும் மறுப்புக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது: “ஐ கேன் டூ இட், பட் நாட் பிஃபோர் த்ரீ.” ஒப்புக்கொள்ளும் முன் “வென் டூ யூ நீட் இட்?” என்று கேட்பதும் இதில் சேர்த்தி. அலுவலகத்தில் அதிகம் பயன்படுவது இந்த நடுப்பகுதிதான்.

பழக்குவது எப்படி

எழுதிய உரையாடலை இருவர் மாறி மாறி வாசிப்பது பயிற்சி ஆகாது, ஏனென்றால் எதிராளி என்ன சொல்வார் என்பது இருவருக்கும் முன்பே தெரியும். துண்டுச் சீட்டு செய்யுங்கள். கேட்பவருக்கு ஒரு சூழல்: கப்பல் ஆவணத்தின் நகலை மும்பை அலுவலகத்திலிருந்து மதியத்துக்குள் வாங்க வேண்டும். பதில் சொல்பவர் சீட்டில் ரகசியமாக ‘சம்மதி’, ‘மறு’, ‘நேரம் கேள்’ என்று ஏதாவது ஒன்று. கேட்பவருக்கு அது தெரியக் கூடாது. பதிலைக் கேட்ட பிறகுதான் அடுத்து என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டிவரும். முதல் சுற்றில் திணறுவார்கள். அப்படியே விட்டுவிடுங்கள், குறுக்கே போகாதீர்கள்.

போன் பயிற்சிக்கு இருவரையும் முதுகோடு முதுகாக உட்கார வையுங்கள். முகமும் கையும் தெரியாதபோது குரலை நம்பியே ஆக வேண்டும்.

பையன்கள் நிறைய இருக்கும் வகுப்பில் கேரம் போர்டு இருந்தால் ஒரு ஆட்டம் முழுக்க ஆங்கிலத்தில் கேட்டுத்தான் ஆட வேண்டும் என்று வையுங்கள். “கேன் யூ பாஸ் தி ஸ்ட்ரைக்கர்?”, “கேன் யூ மூவ் எ பிட்?” என்று போகும். அங்கே யாராவது “வுட் யூ மைண்ட் பாஸிங் தி ஸ்ட்ரைக்கர்?” என்றால் எல்லோரும் சிரிப்பார்கள். நண்பர்களிடம் அளவுக்கு மீறிய பணிவு கிண்டலாகக் கேட்கும் என்பது அந்த இடத்திலேயே விளங்கிவிடும்.

திருத்தும்போது எல்லாத் தவறையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். ‘குட் யூ டு ஹெல்ப் மீ’ என்றால் கேட்பவருக்குப் புரிந்துவிடும், மனமும் கோணாது. அதைப் பிறகு பார்க்கலாம். ‘யூ கம் ஹியர்’, ‘ஐ வாண்ட்’, ‘கிவ் மீ’ இவையெல்லாம் உறவைக் கெடுப்பவை, இவற்றை முதலில் எடுங்கள். அதுவும் உரையாடல் முடிந்த பிறகு, யார் சொன்னது என்று சுட்டாமல் பலகையில் எழுதி, “இதை எப்படி மாத்தலாம்?” என்று எல்லோரையும் கேளுங்கள்.

எழுத்தில் கேட்பது

பள்ளி விடுப்புக் கடிதத்தின் ‘ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் சூப்பர்வைசருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ நம் ஊர் அலுவலகங்களில் செல்லும், வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் பழைய பாணியாகத் தெரியும், அதோடு என்ன செய்ய வேண்டும் என்பதே அதில் இல்லை. இப்படி மாற்றச் சொல்லுங்கள்: “குட் மார்னிங், சார். குட் ஐ டேக் லீவ் டுடே? ஐ ஹேவ் எ ஃபீவர். ஐ வில் கால் யூ திஸ் ஈவ்னிங்.” நான்கு வரி. கேள்வி முன்னால் வந்துவிட்டது, காரணம் ஒன்று, அடுத்து என்ன செய்வார் என்பதும் இருக்கிறது.

வகுப்பு இல்லாத நாட்களுக்கு வாய்ஸ் மெசேஜ் போதும். நீங்கள் ஒரு வேண்டுகோளைப் பேசி வகுப்புக் குழுவில் போடுங்கள். சம்மதித்தோ மறுத்தோ ஒவ்வொருவரும் பதில் பேசி அனுப்பட்டும். குழுவில் பேசக் கூச்சப்படுகிறவர்கள் உங்களுக்குத் தனியாக அனுப்பலாம். அனுப்புமுன் அவர்கள் தங்கள் குரலைத் தாங்களே ஒருமுறை கேட்டுவிட்டு, திருப்தி இல்லை என்றால் அழித்துவிட்டுத் திரும்பப் பேசலாம் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.